நாலு குருவித் தோரணம்

அம்மாவின் முதலாண்டு நினைவுக்கான இந்த மலரைக் கையில் எடுத்ததும் முதலில் தாளைத்தான் பார்த்திருப்பீர்கள். கோடு போட்ட கொப்பித்தாள். அச்சகத்தில் வேறு தாள் இல்லை. பொருளாதாரத் தடை நீங்கட்டும், நல்ல தாளில் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்கள் அம்மா கையில் இல்லாத பொருளுக்காகக் காத்திருந்தவர் அல்லர். மகளும் காத்திருக்கப் போவதில்லை.

அம்மா அளவெட்டியில், கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் தோரணம் கட்டிக்கொடுத்த குடும்பத்தில் இளைய மகளாகப் பிறந்தார். எங்கள் வழக்கம் அறியாத குருநகர்க் கத்தோலிக்க நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் மங்கலத் தோரணத்தில் தென்னங்குருத்தை மடித்து நாலு குருவி வைப்போம். தலைகள் மேலே பார்த்திருக்கும். செத்த வீட்டுத் தோரணத்தில் மூன்றுதான், தலைகீழாகத் தொங்கும். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார் அம்மா.

காங்கேசன்துறையில் வேலை செய்த அப்பாவைக் கைப்பிடித்து நன்றாகவே வாழ்ந்தார். எண்பத்து நாலில் அப்பா காய்ச்சலில் காலமானபோது அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது, எனக்கு ஒன்பது. அடுத்த ஆண்டு பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம். பெண்கள் முற்றத்தில் ஓலை மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் போய் உட்கார்ந்து ஒரு குருத்தை எடுத்தார். பெரியம்மா அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

“பிள்ளை, நீ உதைத் தொடாதை. உள்ளை போய் இரு.”

அம்மா எழுந்து போனார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மூன்று மாதம் கழித்து அயலில் ஒரு சாவு. தோரணம் கட்ட அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். “சாவீட்டுக்கு ஆகுமெண்டால் கலியாண வீட்டுக்கும் இந்தக் கை ஆகும். நான் வரேல்லை எண்டு போய்ச் சொல்லு,” என்றார் அம்மா. பிறகு ஓலையையே தொடவில்லை. தையல் மெசினோடு காலம் போனது.

தொண்ணூறில் இடம்பெயர்ந்து, இரண்டு பைகளோடு குருநகருக்குப் பக்கத்தில் ஓர் அறையில் வந்து ஒதுங்கினோம். அடுத்த வீடு பிலோமினா அன்ரி வீடு. கடலுக்குப் போகத் தடை என்பதால் அவருடைய கணவரும் வீட்டில்தான். மார்கழி வந்தது, கிறிஸ்மஸ் நெருங்கியது. கடைகளில் வர்ணத்தாள் இல்லை, மெழுகுதிரி இல்லை, கரண்டும் இல்லை.

“இந்த முறை பாலனுக்கு ஒரு நட்சத்திரமும் இல்லைப் பிள்ளை,” என்று அன்ரி கண்ணைத் துடைத்தார்.

அம்மா வளவுத் தென்னையை அண்ணாந்து பார்த்தார். “ஓலை இருக்குத்தானே அக்கா?” என்று கேட்டவர், சட்டென்று தயங்கினார். “ஆனா, நான் புருசன் இல்லாதவள். பாலன் பிறக்கிற இடத்துக்கு நான் கட்டலாமோ?”

“விசரோ உனக்கு? அந்தத் தாய் மாட்டுத்தொழுவத்திலை பெத்தவ. தோரணம் ஆர் கட்டினதெண்டு பாத்தவவோ?”

அன்றைக்கு, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அம்மா குருத்தோலையைக் கையில் எடுத்தார். பாலன் குடிலுக்கு நாலு குருவித் தோரணம் கட்டினார். ஈர்க்கில் சட்டம் கட்டிப் பனையோலையால் நட்சத்திரம் பின்னினார். மஞ்சளும் செவ்வரத்தம்பூவும் சாயம், வேப்பம் பிசின் பசை, சிரட்டைத் துண்டுகள் மணி. பின்னால் ஜாம் போத்தல் விளக்கை வைத்தபோது ஓலையூடாக வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து அம்மா சிரித்ததை நான் மறக்கமாட்டேன்.

அந்த நட்சத்திரங்கள் நாலாம் நாளே சுருண்டுவிட்டன. அம்மா விடவில்லை. ஓலையை அவித்து நிழலில் உலர்த்தப் பழகினார். அடுத்த மார்கழிக்குக் கேட்டு வந்தவர்கள் தொகை கூடியதால் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். நால்வரும் கணவரை இழந்தவர்கள். வேண்டுமென்றேதான் அப்படித் தேடிச் சேர்த்தார். பண்டிகை முடிந்தபின் இதையெல்லாம் என்ன செய்வது என்று யாரும் கேட்டால், “மாட்டுக்குப் போடுங்கோ, சந்தோசமாத் தின்னும்,” என்பார். எங்கள் சீவியம் அதிலேதான் நடந்தது.

செய்தி கேட்டுப் பெரியம்மா வந்தார். “சைவப் பிள்ளை வேதக்காரருக்குத் தோரணம் கட்டிறதோ? சனம் சிரிக்குது.”

“அக்கா, எங்கடை ஆக்கள் கட்ட விடேல்லை. அவையள் விட்டவை. சனம் சிரிக்கட்டும்.”

போன கார்த்திகையில் அம்மாவுக்கு நெஞ்சுவருத்தம் கண்டது. வேண்டிய மருந்து தடையைத் தாண்டி வரவில்லை. படுக்கையிலும் நட்சத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு மூண்டு குருவி கட்டிப்போடாதையுங்கோ,” என்பதுதான் அவர் எங்களிடம் கேட்ட ஒரே ஒன்று. ஆகவே, அம்மாவைக் கிடத்தியிருந்த வீட்டு வாசற்படலையில் நாலு குருவித் தோரணமே தொங்கியது. கலியாண வீடென்று எண்ணி, மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்று கேட்டார் தெருவால் போன ஒருவர். உறவினர் சிலர் தோரணத்தைக் கண்டு படலையோடு திரும்பினார்கள். யாரென்று எனக்குத் தெரியும்.

எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. கீரிமலைக்குப் போக வழியில்லாதபோது, தடையையும் பாராமல் கரையோரமாக வள்ளம் இறக்கி அம்மாவின் சாம்பலைக் கரைக்க உதவியவர் பிலோமினா அன்ரியின் கணவர். சோறு சமைத்துத் தந்தது குருநகர். பெரியம்மாவுக்கும் நன்றி. அன்று அவர் குருத்தை வாங்கியிராவிட்டால், அம்மா ஊர்க் கலியாணங்களோடு நின்றிருப்பார்.

அம்மாவின் ஓராண்டு ஆட்டைத் திவசம் முடிந்து, வருகிற தையில் எனக்குக் கலியாணம். தோரணம் கட்டப்போவது அம்மாவோடு வேலை செய்த அந்த நாலு பேரும்தான். எல்லாரையும் அழைக்கிறேன், பெரியம்மா உட்பட. அந்தத் தோரணத்தின் கீழே வர மனமில்லாதவர்கள் வேறு வழி தேடவேண்டாம். எங்கள் வளவுக்குப் படலை ஒன்றுதான்.

மகள்