மச்சான் எழுதிய பகுதி

கம்ப்யூட்டரின் எட்டுப் பிராசசர்களும் முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருந்தன. திரையில் அவற்றின் உழைப்பைக் காட்டும் எட்டுக் கோடுகளும் உச்சியில் நின்றன. ஆனாலும் சதுரங்கம் ஆடுவதற்காக நானும் மச்சானும் சேர்ந்து எழுதிய என்ஜின், ஒற்றைப் பிராசசரில் யோசித்ததைவிடக் கொஞ்சம்தான் வேகமாக யோசித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஏலே மாப்ளே, எட்டு ஆளு சாப்பாடு, ஒண்ணரை ஆளு வேலை" என்றார்.

மச்சான் என் அத்தை மகன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். எனக்கு விருதுநகரில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவார். பிராசசர்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பகுதி முழுக்க அவர் எழுதியது. அதில் கம்பெனி வாடை அடித்தது. பட்டாசு அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும்; ஓர் அறைக்கு இத்தனை பேர்தான்; இந்த அறை ஆள் அடுத்த அறைக்குப் போகக்கூடாது. மச்சானும் ஒவ்வொரு பிராசசருக்கும் சில நகர்வுகளைக் கொடுத்து, தனித்தனியாக உட்கார வைத்திருந்தார். கடைசியில் விடைகளைச் சேகரித்து நல்லதை எடுத்துக்கொள்வார்.

சதுரங்கத்துக்கு அது சரிவராது. வேறு வேறு நகர்வுகள் வழியாகக் காய்கள் பலகையில் ஒரே நிலைக்கு வந்து சேரலாம். ஒரு பிராசசர் அலசி முடித்ததை, தெரியாமல் இன்னொன்று முதலிலிருந்து அலசும். பொதுவாக ஒரு பட்டியல் வைத்து, கண்டதை எல்லாரும் அதில் எழுதிவிட்டால் தீர்ந்தது. சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு பேரு ஒரே இடத்துல ஒரே நேரம் எழுதுனா குப்பையாயிரும்லே. அவுக அவுக ரூம்ல இருக்கட்டும்" என்றார். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் பிடிவாதக்காரர் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டேன்.

தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் நெருக்கடியில் ஞாயிறும் வேலை; மச்சான் இரண்டு மாதம் வரவில்லை. என்ஜின்களுக்கான இணையப் போட்டி ஒன்றில் எங்களுடையதைச் சேர்த்திருந்தோம். நான் அவர் எழுதியதைத் தூக்கிவிட்டுப் பொதுப் பட்டியலை வைத்தேன். இருவர் ஒரே நேரத்தில் எழுதிக் கலங்கிப்போன பதிவுகளைக் கண்டுபிடித்து ஒதுக்கவும் வழி செய்தேன். போனில் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்றுதான் கேட்கவில்லை. என்ஜின் தன்னைவிடப் பெரிய என்ஜின்களையெல்லாம் தோற்கடித்தது.

தீபாவளி கழிந்து வந்தவர் ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிரலைத் திறந்தார். தான் எழுதியதில் ஒரு வரிகூட மிச்சமில்லை என்று தெரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கோபப்படுவார் என்று நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். "நல்லாத்தான் ஓடுது. நீ சொன்னதுதான் சரி" என்றார். டீயைக் குடித்துவிட்டு, வழக்கமான பஸ்ஸுக்கு முந்தினதிலேயே கிளம்பினார். அடுத்த ஞாயிறு லோடு ஏற்ற வேண்டும் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் ஏதோ சொன்னார். பிறகு நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

இப்போது என்னிடம் பதினாறு பிராசசர்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். சில நேரம் யாருமே நினைக்காத ஒரு நகர்வை ஆடும். "இங்கன பாருங்க மச்சான்" என்று வாய்வரை வந்துவிடும். காட்டுவதற்கு ஆளில்லை. அவர் இல்லாமல் இது எனக்குப் பிடிக்கவேயில்லை.

போன மாதம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கம்பெனி வேனுக்காக நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் போனேன். அதற்குள் அவரே முகம் மலர்ந்து, "வாங்க, நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்றார். பிறந்ததிலிருந்து என்னிடம் அவர் அப்படி மரியாதையாகப் பேசியதே இல்லை. "சாப்பிட்டேன் மச்சான்" என்றேன். வேன் வந்ததும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.