தானா நின்னுடுச்சு

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஞானராஜ் என் வீட்டுக்காரர். யார் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். கடைசியாக என்ன செய்தீர்கள்? தண்ணி பட்டதா? வேறு யாராவது கை வைத்தார்களா? ஊரே ஒரே பதில்தான் வைத்திருக்கிறது. "ஒண்ணுமே பண்ணல சார், தானா நின்னுடுச்சு." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவரும் நம்பமாட்டார், திறந்து பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுப்பார்.

ஒருத்தரைத் தவிர. போட்டோ ஸ்டூடியோ கோதண்டபாணி. இவரும் அவரும் விழுப்புரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆயுத பூஜைக்கு முதல் பொரிப் பொட்டலம் எங்கள் வீட்டுக்கு வரும்; எங்கள் கிறிஸ்துமஸ் கேக் முதலில் அவர் வீட்டுக்குப் போகும்.

இந்த வருஷம் பூஜைக்கு மறுநாள் காலையில் ஒரு கையில் பொரியும் இன்னொரு கையில் சிபியுவுமாக வந்தார்.

"கிளியனூர் கல்யாண போட்டோ மொத்தமும் இதுலதான் மச்சான் இருக்குது. கேமரா கார்டையும் அழிச்சிட்டேன். ஜல்தியா பாரு."

"தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"சேச்சே, தானா நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"தொறந்து பாத்துட்டுப் போடுங்க" என்றேன்.

"கோதண்டம் என்கிட்ட பொய் சொல்லுவானா?" என்று என்னை முறைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம், கருகின நாற்றம். ஹார்டு டிஸ்க் போயே போய்விட்டது. போனில் கோதண்டபாணிக்குச் சொல்லிவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். "நல்லா இருந்தத நீதான் எரிச்சிட்டியாமே! ஸ்டூடியோக்காரரு சொன்னாரு." பெண்ணின் அம்மா அழுதாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

அவர்கள் போனதும் இவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே மஞ்சள் தண்ணி. ஃபேனில் ஒரு சாமந்தி இதழ். பூஜைக்கு வெளியே வைத்த சந்தனம் குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார் கோதண்டபாணி, பாவி மனுஷன்! ஈரமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இவர் டிஸ்க்கைக் கழற்றிக் காயவைத்துப் போட்டோவைக் காப்பாற்றியிருப்பார்.

அந்த இதழோடு நேரே ஸ்டூடியோவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏன்டா சொல்லல?"

கோதண்டபாணி தலையைத் தொங்கப்போட்டார். "சாமிக்குத் தெளிச்ச தண்ணிடா. நீ வேதக்காரன். கேலி பண்ணிக்கினு சிரிப்பியோன்னு..."

இவர் இதழை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார்.

கடையில் காலையில் தின்றது போக மீதிப் பொரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அமலு, இத்த என்ன பண்றது?" என்று கேட்டார்.