நனைந்தவர்களுக்கு ஓர் அறை

எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரை நகரம் ஒன்றில், கப்பல் கட்டும் தளத்தின் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. கடலோரக் காவலுக்கான ரோந்துக் கப்பல்களை அப்போதுதான் நம் நாட்டிலேயே கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பலகையில் டிரேசிங் காகிதத்தை ஒட்டி, மை பேனாவால் கோடு இழுப்பேன். கோடு தப்பினால் பிளேடால் சுரண்டிவிட்டுத் திரும்ப இழுப்பேன். அந்தச் சுரண்டல் சத்தம் இல்லாத நாள் எங்கள் பிரிவில் கிடையாது.

ஊர் தென்காசி. அங்கே என் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யாருமில்லை. "கப்பல்ல இருக்கான்" என்று என் அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தாள். இதனாலேயே பெண் வீட்டார் சிலர் பின்வாங்கிவிட்டார்கள். ஆறு மாசம் தண்ணியில் கிடப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அந்த வருஷம் சாரல் தொடங்கியிருந்த நேரத்தில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, கொல்லம் ரயிலில் மலையைக் கடந்து ஊருக்கு வந்தேன். அம்மா பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள். பெண்ணின் அப்பாவுக்கு வடகரையில் தென்னந்தோப்பு, வீடு தென்காசியில். பெண் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தாள்.

காப்பி வருவதற்கு முன்பே அவளுடைய அப்பா விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி கப்பல்ல போறீயளா, கப்பல் கட்டுதீயளா?"

"கட்டுதோம் மாமா. நான் படம் வரையுதேன். கடலுக்கே போறதில்ல."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்பிடிச் சொல்லுங்க! என்ன மாதிரிக் கப்பலு? சண்டைக் கப்பலா?"

"சண்டைக்கில்ல. கள்ளக்கடத்தல் படகைப் பிடிக்கணும், நம்ம மீன்காரங்க படகு கவுந்தா காப்பாத்தணும், நடுக்கடல்ல வேற கப்பல் தீப்பிடிச்சா தண்ணி பீச்சி அணைக்கணும். போலீஸ் ஜீப்பும் அதுதான், ஆம்புலன்ஸும் அதுதான், தீயணைப்பு வண்டியும் அதுதான்."

"எல்லாத்தையும் ஒண்ணுல அடைக்கணும்னா கஷ்டமுல்லா?"

அதுதான் எங்கள் வேலையின் மொத்தக் கஷ்டமும். வேகம் வேண்டுமென்றால் உடல் ஒல்லியாக இருக்க வேண்டும். பல நாள் கரை திரும்பாமல் சுற்ற வேண்டுமென்றால் வயிற்றில் டீசலும் தண்ணீரும் நிறைய வேண்டும். அலையில் அதிகம் ஆடாமல் இருக்க மேல்பகுதி கனக்கக் கூடாது. அதனால் அடி உடம்பு எஃகில், மேல் கட்டுமானம் அலுமினியத்தில். ஒரு என்ஜின் படுத்தாலும் இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதால் இரண்டு என்ஜின், கப்பலைத் தள்ள இரண்டு சுழலி. முன்னால் ஒரு பீரங்கி, பின்னால் இழுவைக் கொக்கி, பக்கத்தில் கிரேனில் தொங்கும் ரப்பர் படகு. நான் பேசப் பேசப் பெண்ணின் அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பெண் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க வந்ததையே மறந்துவிட்டேன் என்று அம்மா வீட்டுக்கு வந்து திட்டினாள்.

இரண்டு பக்கமும் சம்மதம் என்றானது. மறுநாள், பெண்ணின் அண்ணன் மனைவி ஒரு யோசனை சொன்னார். எல்லாரும் குற்றாலம் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம், மாப்பிள்ளையும் பெண்ணும் ரெண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும். வாடகை வேன் ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம்.

அருவியில் நல்ல தண்ணீர். ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு வெளியே வந்தபோது சாரல் வலுத்திருந்தது. குளித்தவர்கள் எல்லாரும் ஈரத்தோடு நின்றார்கள். துவட்டிய துண்டு மறுபடி நனைந்தது. ஒதுங்க இடமில்லை. பஜ்ஜிக் கடைக்காரர்கள் ஈரத்துணியோடு யாரையும் பெஞ்சில் உட்காரவிடவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெளியூர்க்காரப் பெண், கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு உதடு நீலம் பாரித்து, பல் இல்லாத வாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு நிச்சயமாகியிருந்தவள் தலையைக்கூடத் துவட்டாமல் நேரே டீக்கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இந்தப் புள்ளைய அடுப்புப் பக்கத்துல கொஞ்ச நேரம் வச்சிக்கிடுங்க."

"ஏட்டி, யாவாரம் நடக்க எடம்லா?"

"நாங்க இத்தனை பேரு டீ குடிக்கோம்லா அண்ணாச்சி. எல்லாரும் வெளிய நின்னே குடிக்கோம். அவுக மட்டும் உள்ள இருக்கட்டும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பலகையை அடுப்பருகே இழுத்துப் போட்டார். தாயும் குழந்தையும் உட்கார்ந்தார்கள். நாங்கள் மழையில் நின்று, டீயில் மழைத்தண்ணீர் சேரச் சேரக் குடித்தோம். குழந்தை சிறிது நேரத்தில் அழ ஆரம்பித்தது. அழுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்போது அவள் என்னிடம் முதல் முறையாக நேரடியாகப் பேசினாள்.

"உங்க கப்பல்ல, கடல்ல இருந்து தூக்குத ஆளுவ இப்பிடித்தான நனைஞ்சி நடுங்கிட்டு வருவாவ?"

"ஆமா."

"அவுகளை எங்கன உக்கார வப்பீய?"

நான் மனசுக்குள் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மாலுமிகளின் படுக்கைகள், அதிகாரிகளின் அறைகள், சமையலறை, வெடிமருந்து அறை, கயிறு வைக்கிற அறை.

"மேல்தளத்துல. கம்பளி போத்தி."

"மழை பெஞ்சா?"

நான் மழைத்தண்ணீர் சேர்ந்த என் டீயைப் பார்த்தேன். அவள் அதைப் பெரிதுபடுத்தாமல் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டாள். வேனில் திரும்பும்போது ஈர ஜன்னலில் விரலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இந்தப் பெண்தான் எனக்கு என்று ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்திருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் பிரிவுத் தலைவரிடம் பேச்சை எடுத்தேன். வயதான வங்காளி, நல்ல மனிதர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "நீ பெண் பார்க்கப் போனாயா, கப்பலைச் சரிபார்க்கப் போனாயா?" என்று சிரித்தார். பிறகு, "இடம் எங்கே இருக்கிறது, காட்டு" என்றார்.

புகைபோக்கிக்குப் பின்னால், தளத்தின் மட்டத்திலேயே, கயிறுகளுக்கென்று ஒதுக்கிய அறை ஒன்று இருந்தது. காகிதத்தில் என் கட்டைவிரல் அகலம்தான். கயிறுகளைக் கீழே இறக்கிவிட்டால் அந்த அறை காலியாகும். புகைக்குழாய் சுவருக்கு அந்தப்புறம் போவதால் இயல்பாகவே கதகதப்பாக இருக்கும். கப்பலின் பக்கச் சுவர் தாழ்ந்து, ஆட்களைத் தண்ணீரிலிருந்து இழுக்கிற இடமும் அதற்கு எதிரிலேயே இருந்தது. பிரச்சினை கதவில் வந்தது. அலைத்தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க வாசற்படி முழங்கால் உயரம் இருந்தே ஆக வேண்டும். நடக்க முடியாதவனை அதைத் தாண்டி எப்படித் தூக்குவது? படியைக் குறைக்க விதி விடாது. கடைசியில் இரண்டு பக்கமும் அகலமான மிதிபலகை வைத்தோம். ஆட்கள் ஒரே பக்கம் சாயாமலிருக்க பெஞ்சுகளை அறையின் நடுவாக்கில் தரையோடு முடுக்கினோம். தண்ணீர் வடிய ஓட்டைகளும், சமையலறையிலிருந்து ஒரு வெந்நீர்க் குழாயும் சேர்ந்தன. ஒரு வாரம் முழுக்கச் சுரண்டிச் சுரண்டி என் பிளேடு மழுங்கியது.

ஒப்புதலுக்கு வந்த காவல்படை அதிகாரி அந்த அறையில் விரலை வைத்து, "இது எதற்கு?" என்றார். சொன்னேன்.

"போன தடவை பழைய கப்பலில் ஒரு படகின் ஆட்களைத் தூக்கினோம். என் மாலுமிப் பையன்களின் படுக்கையில்தான் போட்டோம். உப்பு, வாந்தி, டீசல். அவர்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அறை விஷயத்தை அவளிடம் சொன்னபோது நம்பவில்லை. படத்தின் நகலைக் காட்டியதும் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இதுல ஆளு படுக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

கப்பல் தண்ணீரில் இறங்கிய நாளில் அவள் தலைப்பிரசவத்துக்குத் தென்காசியில் இருந்தாள். பார்க்க முடியவில்லையே என்று குறை. அடுத்த வருஷம் அந்தக் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. நான் லீவில் ஊரில் இருந்தேன். அனுமதி வாங்கி, அவளையும் மாமாவையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன்.

கப்பல் வெயிலில் வெள்ளை வெளேரென்று நின்றது. மாமா பீரங்கியையும், மேலே சுற்றிக்கொண்டிருந்த ராடாரையும் பார்த்து அசந்துவிட்டார். கப்பலை ஓட்டும் அறையின் கண்ணாடிகள் எல்லாம் மேல்பக்கம் வெளியே சாய்ந்திருப்பது ஏன் என்று கேட்டார். உள் விளக்குகளின் பிம்பம் கண்ணில் அடிக்காமலிருக்க என்றேன். அவளுக்கு இதிலெல்லாம் கவனமில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே வெங்காய மூட்டைகள். அதற்கு மேல் உருளைக்கிழங்கு. பெஞ்சில் ஒரு பூசணிக்காய்.

எனக்கு முகம் செத்துப்போனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவும் சிரித்தார். எங்களைச் சுற்றிக்காட்டிய மாலுமி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர், பதறிவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கப்பல்ல ஈரமில்லாத கதகதப்பான இடம் இது ஒண்ணுதான். கீழ வச்சா வெங்காயம் முளைச்சுப் போகுது. ஆள் வந்தா மூட்டையெல்லாம் உடனே வெளிய போயிரும்."

"ஆள் வந்திருக்காவளா?" என்று அவள் கேட்டாள்.

"வந்தாங்கம்மா. புயல்ல ஒரு விசைப்படகு உடைஞ்சுபோச்சு. மரக்கட்டையப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாங்க. அலையில ரப்பர் படகை இறக்க முடியல. கப்பலையே பக்கத்துல ஒட்டி, வலையைத் தொங்கவிட்டுத் தூக்கினோம். நேரா இங்கதான் கொண்டுவந்தோம். அதுல ஒரு பெரியவரு பேச்சு மூச்சில்லாம இருந்தாரு. வெந்நியில துணிய நனைச்சு ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருந்தோம். விடியுறப்போ கண்ணத் திறந்து, 'இங்க என்னப்பா இவ்வளவு வெங்காய வாசனை அடிக்குது'ன்னாரு. எல்லாரும் பொழச்சுக்கிட்டாங்க."

அவள் குனிந்து பெஞ்சின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பெயிண்ட் அங்கே தேய்ந்து போயிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் மாமாவின் குரல்தான். தென்காசியில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவரை நிறுத்தி, "எம்மவ கப்பல்ல ஒரு ரூம்பு போட்டிருக்கா, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் ஊரில் இதே பேச்சு.

லீவு முடிந்து நான் கிளம்பும் முன் அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த கப்பலுக்கும் நீங்கதான வரையுதீய?"

"ஆமா."

"பொம்பளையாளு நனைஞ்சி வந்தா, அந்த ரூம்புல எப்படிச் சேலை மாத்துவா?"

அடுத்த கப்பலில் அறையின் குறுக்கே திரைச்சீலை மாட்ட ஒரு கம்பி வரைந்தேன். கோடு ஒன்றுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.