ஓய்வுக்கு வந்த இரண்டாவது ஆள்

என் கணவர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, நானும் கையோடு வேலையை விட்டுவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் விடவில்லை. இங்கே ஜேர்மனியில், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை எனக்கு. முழங்கால் வலித்தது. ஆனாலும் விடிகாலையில் குளிருக்குள் நடந்துபோய் டிராம் பிடிப்பது பழகிவிட்டிருந்தது. வேறென்ன செய்வது என்றும் தெரியவில்லை.

கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் மகள் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் கேட்பாள்.

"அம்மா, எப்ப வேலையை விடப்போறீங்கள்? அப்பா பாவம், தனிய இருக்கிறார்."

"அவர் எங்கை தனிய இருக்கிறார்? டிவியோடை இருக்கிறார்."

அப்படியே மூன்று வருடங்கள் போயின. ஒரு வசந்த காலத்தில், இல்லத்தில் நான் வேலை செய்த மாடிக்குப் புதிதாக ஒரு பெண்மணி வந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் இயங்காமல் போயிருந்தது. ஜேர்மன்காரி, பள்ளிக்கூடத்தில் இசை படிப்பித்தவர். முதல் நாள் குளிப்பாட்டும்போது வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்தேன். அவர் என் வயதைக் கேட்டார். சொன்னேன்.

"அப்படியென்றால் நீங்கள் என்னைவிட மூத்தவர்," என்றார். பிறகு இடது கையால் நாற்காலியின் விளிம்பைத் தட்டி, "நீங்கள் இதில் உட்காருங்கள், நான் குளிப்பாட்டி விடுகிறேன்," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு குனிந்து அவருடைய பாதங்களைத் துடைத்தேன். எழும்ப முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமையே பொறுப்பாளரிடம் போய், கோடையோடு வேலையை விடப் போகிறேன் என்றேன்.

"வாரத்தில் இரண்டு நாள் மட்டுமாவது வரலாமே? ஆள் கிடைப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும்," என்றார். யோசித்துச் சொல்லும்படியும் கேட்டார். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். அவ்வளவு சுலபமாக அதைச் சொல்லிவிடுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கடைசி நாளில் கேக் வெட்டினார்கள், ஓர்க்கிட் பூச்சாடி ஒன்று தந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்தது. குளித்துவிட்டுக் குசினிக்குப் போனேன். கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ, நான் வெட்டுறன்."

"வேண்டாம், நீர் போய் இரும். நான் பாத்துக்கொள்ளுறன்."

மூன்று வருடங்களில் அது அவருடைய குசினியாகிவிட்டிருந்தது. மிளகாய்த் தூள் இருந்த இடத்தில் சீனி இருந்தது. நான் எதையாவது எடுத்தால், பின்னாலேயே வந்து பழைய இடத்தில் வைத்தார். ஒரு நாள் அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து மீன் குழம்பு வைத்தேன். வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஏன் இதைச் செய்தனீர்? நான் அதைப் பொரிக்கவெல்லோ வைச்சிருந்தனான்."

"இது என்ரை வீடும்தானே?"

"ஓம், வீடு உம்முடையதும்தான். குசினி என்ரை."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார், பகிடிக்கு இல்லை. எனக்குக் கோபம் வந்தது. சில நாட்கள் சரியாகப் பேசவும் இல்லை. பிறகு, பால்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது ஒன்று விளங்கியது. சமையல் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. செய்ய வேறு ஆளில்லாததால் அவர் ஓய்வு பெறும்வரை செய்திருக்கிறேன். அன்று மத்தியானம் அவர் போட்டுத் தந்ததைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு," என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார்.

முழங்காலுக்குத் தண்ணீருக்குள் பயிற்சி செய்யும்படி வைத்தியர் சொன்னார். எனக்கு நீந்தத் தெரியாது. நகரசபையின் நீச்சல் தடாகத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடப்பதை அறிந்து சேர்ந்தேன். கையும் காலும் மூடிய நீச்சலுடை ஒன்று வாங்கினேன். என்னோடு ஒரு சிரியாப் பெண்ணும், தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும் இருந்தார்கள். பயிற்சியாளர் அகன்ற தோள்கள் கொண்ட ஒரு பெண். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார்.

"ஏலாது!" என்று கத்திவிட்டேன். தமிழில்தான். அவருக்கு விளங்கிவிட்டது. "இன்றைக்கு நாடி வரைக்கும் தண்ணீரில் வைத்தால் போதும்," என்றார்.

வீட்டில் கணவர், "இந்த வயதிலை இது தேவையோ?" என்று கேட்டார். ஆனால் நீந்தப் போகும் நாட்களில் இரண்டு பிடி அரிசி கூடப் போடத் தொடங்கினார்.

மாரிகாலம் முடிவதற்குள் தடாகத்தின் குறுக்கே, கரையைத் தொடாமல் நீந்தக் கற்றுக்கொண்டேன். தபால்காரர் பாதியில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். சிரியாப் பெண் என்னைவிட வேகமாக நீந்துகிறார்.

இப்போது காலை வேளைகளில் நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அவர் சந்தைக்குப் போகிறார், நான் தடாகத்துக்கு. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, நடந்ததைச் சொல்ல இரண்டு பேரிடமும் ஏதாவது இருக்கிறது. தபால்காரர் திரும்பி வந்து சேர்ந்ததை நேற்றுச் சொன்னேன். "அப்ப பயம் போயிட்டுதோ?" என்று கேட்டார் கணவர். இல்லை, பயத்தோடுதான் வந்திருக்கிறார் என்றேன்.