மூச்சை இழுத்தால் சம்மதம்

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. செத்துப்போன என் தங்கச்சியின் பிள்ளைகள் மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏழில் ஒன்றைக்கூடப் பசியோடு படுக்கவைத்ததில்லை. கடப்பாக்கத்துக்குக் கிழக்கே, கோட்டை இடிபாட்டை ஒட்டிய குப்பம் எங்களுடையது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன், அதற்குமேல் எழுத்து எனக்கு வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மலர் எழுதுகிறாள். கேளம்பாக்கத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்த தமிழ் அவளுக்கு இன்னும் போகவில்லை.

என் மகள் கஸ்தூரியோடு நான் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஊருக்குக் கோபன்ஹேகன் என்று பெயர். எங்கள் கீழ்வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தாள். படியில் பார்க்கும்போது பையைத் தூக்கிக் காட்டி, “கடைக்கா?” என்பேன். அவள் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பாள், “ஹ்யா” என்று, முதுகில் யாரோ ஐஸ் தண்ணீர் ஊற்றியதுபோல. பாவம், இழுப்பு நோய் என்று நினைத்துக்கொண்டேன். மிளகுக் கஷாயம் வைத்து ஒரு டம்ளர் கொண்டுபோய் நீட்டினேன். குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லாக் கீதா?” என்று கேட்டதற்கும் அதே “ஹ்யா”தான்.

மருமகன் கம்ப்யூட்டர் வேலைக்கு இங்கே வந்தவர். பிறகு வேறொருத்தியோடு போய்விட்டார். அந்தக் கதையில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கஸ்தூரி ஒரு சமையல்கூடத்தில் வேலை செய்தாள். குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு வீடு கிடைக்காவிட்டால் மலரின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்த நேரத்தில், அவள் வேலை செய்த ‘ஃப்ரிஸ்டேடன்’ என்கிற இடத்தில் ஒரு சின்ன வீடு காலியானது.

நகரத்துக்கு நடுவே அது ஒரு தனி ஊர். முன்பு பட்டாளம் இருந்த கோட்டைக்குள் வெகுகாலத்துக்கு முன் ஜனங்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு நுழைந்து குடியேறி, தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்களாம். அங்கே வீட்டை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. வீடு காலியானால் அக்கம்பக்கத்தார் கூடி யாருக்கு என்று முடிவு செய்வார்கள். “கை தூக்கறதெல்லாம் கிடையாதும்மா. அத்தினி பேரும் சரின்னணும். ஒருத்தரு வேணாம்னாலும் அவ்ளோதான்” என்றாள் கஸ்தூரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வீட்டில் இருக்கிற மூன்று பேரே ஒரு குழம்புக்குச் சம்மதிப்பதில்லை.

நாங்கள் மூவரும் அங்கே போன அன்று வாசலிலேயே எனக்குப் பரபரப்பு பிடித்துக்கொண்டது. மரத்தில் செய்த வளைவு, அதைத் தாண்டினால் கார் கிடையாது. எதிரே ஒரு மூன்று சக்கர வண்டி வந்தது. முன்னால் பெட்டி, பின்னால் மிதிக்கிற ஆள். “அடியே கஸ்தூரி, நம்ம மீன்பாடி வண்டிடி!” என்று கத்தியே விட்டேன். பெட்டிக்குள் மீனுக்குப் பதில் இரண்டு குழந்தைகளும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் இருந்தன. மிதித்து வந்தவள்தான் பிர்த்தா, அன்றைக்குக் கூட்டம் நடத்தப் போகிறவள். நான் வண்டியைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு, குழந்தைகளை இறக்கிவிட்டு என்னை ஏறி உட்காரச் சொன்னாள். மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி புடவை பறக்க அந்த ஊரைச் சுற்றினேன். மீன் கூடையை வண்டியில் ஏற்றிவிட்டுப் பின்னால் ஓடியிருக்கிறேனே தவிர, அதில் ராணி மாதிரி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பழைய ஜன்னல்களையே அடுக்கிக் கட்டிய வீடு, படகைக் கவிழ்த்த மாதிரிக் கூரை, எல்லாவற்றிலும் வண்ணம். ஒரு தெருவில் கஞ்சா வாசனை. பிர்த்தா என் முகத்தைப் பார்த்தாள். மாமல்லபுரத்துக் கரையில் வெள்ளைக்காரர்களுக்குச் சங்குமாலை விற்றவளுக்கு அது என்ன புதுசா?

கூட்டம் ஒரு பெரிய கொட்டகையில் நடந்தது. வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தாடிக்காரர் ஒருவர் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். பெண்கள் காலை நீட்டிக்கொண்டு பேசினார்கள், ஆண்கள் கேட்டார்கள். எனக்கு எங்கள் குப்பத்துக் கூட்டம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் கோயில் முன்னால் ஆண்கள்தான் உட்காருவார்கள். வரி கட்டுகிற குடும்பத்துக்குத் தலைக்கட்டு என்று பெயர். என் வீட்டுக்காரர் செத்துப்போனதும் எங்கள் தலைக்கட்டும் போயிற்று. நான் கருவாடு காயவைத்த மணலை ஏலக் கொட்டகைக்கு எடுப்பதாக ஒருநாள் பேசி முடித்தார்கள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் பொறுக்காமல் முன்னே போய்விட்டேன்.

“யோவ் நாட்டாரே, என் எடத்துக்கு என்னிய ஒரு வார்த்த கேக்கலயே?”

“பொம்பளைக்கு இங்க இன்னா வேல? போ, வூட்டாண்ட போம்மா” என்றார் ஊர்த் தலைவரான நாட்டார். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள்.

இங்கே நடந்ததோ தலைகீழ். பிர்த்தா கஸ்தூரியையும் மலரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் வட்டத்தில் உட்காரவைத்தாள். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயும் உள்ளதைச் சொல்லமாட்டாள் என்று அவளுக்கு ஒரு கணக்கு. முதலில் மற்றவர்களைக் கேட்டாள். ஒருவர் பின் ஒருவராக மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஹ்யா. ஹ்யா. ஹ்யா. ஊர் முழுக்கவா இழுப்பு நோய் இருக்கும்? ஐயையோ, இந்தக் கறுத்த கிழவியா, இவள் குடும்பமா என்று அதிர்ந்துபோகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் பிர்த்தா என் முன்னால் வந்து மண்டியிட்டாள். கையால் கூரை போட்டுக் காட்டினாள், கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக் காட்டினாள், பிறகு என் நெஞ்சைத் தொட்டாள். நீ இங்கே இருக்க உனக்குச் சம்மதமா? யார் எப்படி மூச்சு இழுத்தால் என்ன, ஒரு ஊர் என்னைக் கேட்கிறது! நான் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தோடு ஆட, தாராளமாகத் தலையை ஆட்டினேன்.

தாடிக்காரர் பின்னலைக் கீழே வைத்தார். பிர்த்தா என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்து ஏதோ சொன்னாள். கஸ்தூரி அழுதுகொண்டே உள்ளே ஓடிவந்தாள்.

“யம்மா, இன்னாமா பண்ணிட்ட? இங்க இருக்க மாட்டேன்னியாமே!”

“நான் எங்கடி மாட்டேன்னேன்? நல்லாத் தலையாட்டினேன். இவங்கதான் அத்தினி பேரும் ஐயோன்னு மூச்ச இழுத்தாங்க!”

பின்னால் வந்த மலர் அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆயா, அது ஐயோ இல்ல. அவங்களுக்கு அதான் ஆமா! நீ பண்ணது அவங்களுக்கு மாட்டேன்!”

அவள் அதை அவர்கள் பாஷையில் எடுத்துச் சொன்னதும் கொட்டகையே குலுங்கியது. தாடிக்காரர் எழுந்து நின்று என்னைப் போலவே தலையை ஆட்டிப் பார்த்தார். கழுத்து வரவில்லை, தோள்தான் ஆடியது. அப்புறம் எல்லோரும் ஆட்டினார்கள். “இப்ப நீ, ஆயா” என்றாள் மலர். மூச்சை இழுத்தேன், புரையேறி இருமினேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். வீடு எங்களுக்கு ஆயிற்று. கீழ்வீட்டு அம்மாளை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நோயே இல்லாதவளுக்கு அவ்வளவு மிளகு!

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம், தண்ணீர் ஓரமாக. வாசலில் நான் கருவாடு காயவைக்கலாமா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். நானும் பேசினேன். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற நாளில் மட்டும் என்று முடிவாயிற்று.

போன வாரம் என் ஓரகத்தி தனம் குப்பத்திலிருந்து போன் செய்தாள். “யக்கா, ஆடிக்குக் கூழ் ஊத்தறப்போ வந்துடுவியா?” என்று கேட்டாள். என்னையும் அறியாமல் “ஹ்யா” என்று மூச்சை இழுத்துவிட்டேன்.

“ஐயோ, யக்கா! இன்னா ஆச்சு? நெஞ்சு வலியா?” என்று அலறினாள்.

இல்லை இல்லை, வருகிறேன் என்று அவசரமாகத் தலையை ஆட்டினேன். போனில் அது அவளுக்கு எங்கே தெரியும்? அங்கே போய்ச் சேர்கிற என் சம்மதம் அங்கே புரியவில்லை. அங்கே புரிகிற சம்மதமோ இந்த வாசலைத் தாண்டிப் போகவில்லை.

அவ்வளவுதான். எங்கே மலரு, எழுதினதை ஒருமுறை படிச்சுக் காட்டுறியா என்றேன். அவள் மூச்சையும் இழுத்தாள், தலையையும் ஆட்டினாள்.