வாடையைத் துரத்தக் கட்டிய ஷெல்டர்

இன்று செம்பவாங்கில், கடலைப் பார்த்த எங்கள் அடுக்குமாடிப் புளோக் அடியில், உட்கார ஒரு புது ஷெல்டர் திறந்தாயிற்று!

டிசைனுக்கு மூளை கொடுத்தது யார்? அடியேன்தான்! (படிப்பு ஆறாம் வகுப்பு. சரி, ஐந்தரை.)

என் மனைவி சரசுவுக்குப் பக்கவாதம். ஒரு கண் இமை மூடாது. காற்று பட்டால் தண்ணீராகக் கொட்டும்.

சக்கர நாற்காலியில் இங்கே வந்து கடலைப் பார்ப்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். ஆண்டுக் கடைசியில் வடக்கிலிருந்து காற்று கிளம்பினால் அதுவும் போச்சு.

ஷெல்டர் வருகிறது என்றதும் இன்ஜினியர் பெண் வளர்மதியைப் பிடித்தேன்.

“பாப்பா, அங்க வாடை தாங்க முடியல. எப்படியாவது நிறுத்தும்மா.”

“நானும் நின்னு பாத்தேன் அங்கிள், ஐயோ! டெஸ்ட் பண்ணிடலாம்.”

விண்ட் டனலுக்கே கூட்டிப் போனாள்! லாரி நுழையும் அளவுக்குப் பெட்டி (நம்புங்கள்!), ஒரு முனையில் ராட்சத ஃபேன். நடுவில் ஷூ பெட்டி அளவில் நம் ஷெல்டரின் மாடல்.

“இந்தப் புகைதான் வாடைன்னு வச்சுக்குங்க அங்கிள்” என்று புகையை விட்டு ஃபேனைப் போட்டாள்.

முதல் மாடலில் மூன்று பக்கமும் சுவர். புகை உள்ளே மெல்லச் சுருண்டு அப்படியே நின்றது.

“இது வேணாம் அங்கிள், உள்ளயே நிக்குது.”

“தூக்கிப் போடு!” என்றேன்.

அடுத்ததில் இரு பக்கமும் திறப்பு. புகை நுழைந்த வேகத்தில் வெளியே ஓடியது!

“வாடையே நிக்காது அங்கிள்!”

“அடிச்சுத் துரத்திட்டியே பாப்பா!”

அறையே எழுந்து கைதட்டியது! (நாங்கள் இரண்டு பேர்தான்.)

இன்று சரசுவை முதல் ஆளாகத் தள்ளிக்கொண்டு போனேன். வளர்மதியும் வந்திருந்தாள்.

காற்று அவள் முந்தானையைப் பிடுங்கியது. கண்ணிலிருந்து கன்னம் முழுக்கத் தண்ணீர்.

“என்ன பாப்பா, வாடைய நிறுத்தச் சொன்னா இந்த அடி அடிக்குது?”

“பக்கத்துக் குப்பைத் தொட்டி ஸ்மெல்தானே அங்கிள்? சுத்தமா போயிடுச்சே!”

எனக்கு வாடை என்றால் வடக்குக் காற்று. அந்தப் பிள்ளைக்கு வாடை என்றால் நாற்றம்.

“மாத்த முடியுமா லா?”

“கான்கிரீட் அங்கிள்...” அவளுக்கே அழுகை முட்டியது. எப்படித் திட்டுவது?

சரசு என் கையைத் தட்டினாள். அவளுக்கு இப்போதெல்லாம் ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் வரும்.

“மேல.”

வீட்டில் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுக் கீழே போனால், அக்கம்பக்கமே கூடிக் கை குலுக்குகிறது.

“சூப்பர் காத்தோட்டம் அங்கிள்! உங்க ஐடியாவாமே?”

“ஆமா லா, என் ஐடியாதான்” என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்கலாம்? நீங்களே சொல்லுங்கள்.