தலையாட்டும் சமையல்காரி

இங்கே சாயங்காலமானால் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கும் எல்லா வீட்டு டிவியிலும் அணில் மலாய் பேசும். எட்டு வருடமாக லாபு ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் என்னைவிட அது சுத்தமாகப் பேசும். அந்தக் கார்ட்டூன் படங்களில் அணிலுக்கு, டீ கெண்டிக்கு, பல் தேய்க்கும் பிரஷுக்கு, எல்லாவற்றுக்கும் வாய் உண்டு. கேட்டுக்கொண்டே சோறு வடிப்பேன். போன மாதம் ஒருநாள் என் மகள் தர்ஷினி அடுப்படிக்கு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஆறு வயது.

"அம்மா, வாங்களேன். நீங்க டிவில வர்றீங்க."

கரண்டியோடு போய் நின்றேன். அரண்மனைச் சமையல்காரி ஒருத்தி. கறுப்பு, குண்டு, நெற்றியில் அப்பளம் அளவுக்குப் பொட்டு. யார் எது சொன்னாலும் ஸ்பிரிங் வைத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, தப்புத் தப்பான மலாயில் 'சரி துவான், சரி துவான்' என்கிறாள். துவான் என்றால் ஐயா. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. வெள்ளை வெளேரென்ற இளவரசி ஜன்னலோரம் நின்று யாரோ வந்து காப்பாற்றுவதற்குக் காத்திருக்கிறாள். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், லோரி ஓட்டுகிறார். பாயில் சாய்ந்திருந்தவர், "உங்கம்மாவேதான் லா," என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ஆமாம், நானும்தான்.

எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. இந்தத் தலையாட்டல் கவலை அன்றைக்கே வந்து ஒட்டிக்கொண்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். சரி என்று சொல்ல நாம் தலையைத் தோள் பக்கம் சாய்த்து ஆட்டுவோமே, அது நினைத்துச் செய்வதா என்ன? லுக்குட் டவுன் கடையில் அந்த ஆட்டலைப் பார்த்து, வேண்டாம் என்கிறேனாக்கும் என்று எடுத்த சாமானைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். அதுவரை அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது கடையில், பஸ்ஸில், வீட்டில்கூடக் கழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அறந்தாங்கிப் பக்கம் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பள்ளிக்கூடத்தில் கடைசியாகப் போட்ட நாடகத்தில் எனக்கு அரக்கி வேஷம், சிவப்பாக இருந்தவள் ராணி. நிறத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், யாரும் அதை மறைக்கவும் இல்லை. அரக்கி கத்தலாம், குதிக்கலாம். ராணி அழுதுகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அரக்கி யார் வீட்டிலும் இல்லை. இந்தச் சமையல்காரி என் வீட்டில் இருக்கிறாள்.

போன வாரம் பாலர் பள்ளியிலிருந்து சேதி வந்தது. விழாவுக்கு அந்தப் படத்தையே நாடகமாகப் போடுகிறார்களாம், தர்ஷினிதான் சமையல்காரியாம். மறுநாள் காலையில் டீச்சரைப் பார்க்கப் போனேன். மலாய்க்காரம்மா, நல்ல மனுஷி. வழியெல்லாம் மனப்பாடம் செய்த மலாய் அவர் முன்னால் கலைந்துபோனது. பிள்ளைக்கு வேறு வேஷம் கிடைக்குமா என்று எப்படியோ கேட்டேன். ஏன் என்றார். அந்தச் சமையல்காரி எங்களை மாதிரி இருக்கிறாள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நன்றாகச் செய்கிறாள், அவளே கையைத் தூக்கிக் கேட்டு வாங்கினாள், இளவரசிக்குப் பேசவே ரெண்டு வரிதான் என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படியானால் சம்மதம்தானே என்றார். நான் கழுத்தை அசைக்காமல் நின்றேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தர்ஷினி கண்ணாடி முன்னால் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன். எனக்கு உங்கள மாதிரி வர மாட்டேங்குது."

கழுத்து வலி என்றேன்.

"இப்பல்லாம் நீங்க ஆட்டறதே இல்ல. நாங்க சிரிச்சோம்னுதானா?"

அதற்குள் ஊரிலிருந்து அக்காவின் வீடியோ கால் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அது இது பேசிவிட்டு, "தைப்பொங்கலுக்காச்சும் வந்துருடி, என்ன?" என்றாள். போகத்தான் ஆசை. கழுத்து அப்படியே நின்றது.

"என்னடி, மூஞ்சிய கல்லு மாதிரி வச்சிருக்க? எங்க மேல கோவமா?"

தர்ஷினி என் தோள் மேல் மோவாயை வைத்து எட்டிப் பார்த்தாள். தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தாள். ஸ்பிரிங் மாதிரி இல்லை.

"அம்மா சரின்னு சொல்றாங்க, பெரியம்மா."

அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. அங்கிருந்து அவளும் தலையை ஆட்டினாள், இங்கிருந்து பிள்ளை திரும்ப ஆட்டினாள். போனில் மூன்று முகங்கள். நடுவில் நான் மட்டும், பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவள் மாதிரி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.